வளர்த்த கால்களும் வாங்கிய கால்களும்

பெரிய கால்பந்து கிளப்கள் ஆட்டக்காரர்களைச் சிறு வயதிலிருந்து வளர்த்து ஜெயிக்கின்றனவா, பணத்தைக் கொட்டி வெற்றியை வாங்குகின்றனவா என்பது கேள்வி. இதை யார் கேட்டாலும் எனக்கு ஒரு கோல்தான் முதலில் நினைவுக்கு வரும்.

2020 ஆகஸ்ட், லிஸ்பன், ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீகின் இறுதிப்போட்டி. கொரோனா காலம் என்பதால் அரங்கில் ஆள் இல்லை. பந்தை உதைக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. ஒரு பக்கம் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், மறுபக்கம் பயர்ன் மியூனிக். 59ஆவது நிமிடத்தில் வலது பக்கத்திலிருந்து கிம்மிக் பந்தைத் தூக்கிப் போட்டார். தூரத்துக் கம்பத்தின் அருகே நின்றவர் அதைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். அன்றைய ஒரே கோல் அதுதான். அடித்தவர் கிங்ஸ்லி கோமான். (தமிழில் அந்தப் பெயருக்கு அரசன் என்று பொருள் வருவது தற்செயல்தான், அன்றைக்குப் பொருத்தமாக இருந்தது.) கோமான் பாரிஸில் பிறந்தவர், தோற்ற கிளப்பின் அகாடமியில், அதாவது இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்தவர், அதன் சட்டையில் 16 வயதில் முதல் ஆட்டம் ஆடியவர். மூத்தோர் அணியில் இடம் கிடைக்கும் வழி தெரியாததால் 2014இல் யுவென்டஸுக்குப் போனவர்.

அந்த இரவு பாரிஸ் அணியில் 22.2 கோடி யூரோவுக்கு வாங்கிய நெய்மார் இருந்தார். 18 கோடிக்கு வாங்கிய எம்பாப்பே இருந்தார். எம்பாப்பேயின் ஊர் போண்டி, பாரிஸுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் புறநகர். வீட்டுப் பிள்ளையைச் சும்மா அனுப்பிவிட்டு, பக்கத்துத் தெருப் பிள்ளையை மொனாக்கோ போய் வாங்கி வந்தது அந்தக் கிளப். கடைசியில் வீட்டுப் பிள்ளைதான் வந்து கோப்பையைப் பறித்துக்கொண்டு போனது.

ஆகவே என் பதில் இது. பெரிய கிளப்கள் வளர்க்கவும் செய்கின்றன, வாங்கவும் செய்கின்றன. அவர்கள் வளர்ப்பதில்லை என்பது தவறான குற்றச்சாட்டு. வளர்த்த பையனுக்கு அணியில் இடம் விடுவதில்லை என்பதுதான் சரியான குற்றச்சாட்டு. அகாடமிக்குச் செலவு செய்ய அவர்களிடம் பணம் தாராளமாக இருக்கிறது. மான்செஸ்டர் சிட்டி 2014இல் திறந்த பயிற்சி வளாகத்துக்கு ஏறக்குறைய 20 கோடி பவுண்டு செலவானது. அதே பணம்தான் அந்த வளாகத்திலிருந்து வெளியே வரும் பையனுக்கு முன்னால் ஓர் உலக நட்சத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

முதலில் ‘சொந்தமாக வளர்த்தவர்’ என்றால் யார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதி வாக்குவாதம் இந்தச் சொல்லில்தான் சிக்கிக் கிடக்கிறது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் விதிப்படி, 25 பேர் பட்டியலில் 8 இடங்கள் உள்நாட்டில் பயின்றவர்களுக்கு. அதில் 4 இடங்கள் அந்தக் கிளப்பிலேயே பயின்றவர்களுக்கு. பயின்றவர் என்பதற்கு, 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் மூன்று பருவங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். எந்த நாட்டில் பிறந்தார், பந்தை உதைக்க யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் விதிக்கு வேண்டாத விஷயம். செஸ்க் ஃபாப்ரிகாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 10 வயதிலிருந்து பார்சிலோனாவின் அகாடமியில் இருந்தவர். 2003இல், 16 வயதில், ஆர்சனல் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனது. விதியின் கணக்கில் அவர் ஆர்சனல் வளர்த்த பிள்ளை. அடித்தளம் போட்டது ஒருவர், வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டியது இன்னொருவர். 2011இல் பார்சிலோனா அவரை ஏறத்தாழ 3 கோடி யூரோ கொடுத்துத் திரும்ப வாங்கியது. தான் விதைத்ததைத் தானே விலைக்கு வாங்கிய அந்தக் கணக்கை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆக, வளர்த்தவர், வாங்கியவர் என்று இரண்டு பெட்டி போதாது. பதினான்கு, பதினைந்து வயதில் இன்னொரு கிளப்பிலிருந்து தூக்கி வந்தவர்கள் நடுவில் ஒரு பெரிய கூட்டமாக நிற்கிறார்கள். ஒரு பெரிய கிளப் தன் அகாடமியைப் பற்றிப் பெருமை பேசும்போது, அந்தப் பையன் எந்த வயதில் அங்கே வந்தான் என்று கேட்டுப் பாருங்கள். பெருமை பல நேரம் பாதியாகக் குறையும்.

இனி, வளர்த்தே ஜெயித்தவர்கள் என்று எல்லோரும் சொல்லும் உதாரணங்கள். 1967இல் ஐரோப்பியக் கோப்பையை (சாம்பியன்ஸ் லீகின் பழைய பெயர்) வென்ற ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியின் பதினொருவரும் தங்கள் சொந்த அரங்கிலிருந்து 30 மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள். இனி ஒருபோதும் நடக்கப்போகாத அதிசயம். ஆனால் அருகில் பிறந்தவர் என்பதும் கிளப் வளர்த்தவர் என்பதும் ஒன்றல்ல. கோல்கீப்பர் ரோனி சிம்ப்சன் ஹிபெர்னியனிலிருந்து வந்தவர்; வில்லி வாலஸ் அதே பருவத்தின் நடுவில் ஹார்ட்ஸிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் 1992 தலைமுறையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெக்கம், கிக்ஸ், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் இருவர். கதை எல்லோருக்கும் தெரியும்: 1995 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றார்கள், சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று விமர்சகர் ஆலன் ஹான்சன் தொலைக்காட்சியில் சொன்னார், அந்தப் பருவத்தின் முடிவில் லீக், எஃப்ஏ கோப்பை இரண்டும் அந்தப் பையன்களிடம் இருந்தன. கதையில் பலரும் விட்டுவிடுகிற பகுதி அதற்கு முந்தைய கோடைக்காலம். பால் இன்ஸ், மார்க் ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் என்று மூன்று மூத்தவர்களைப் பயிற்சியாளர் ஃபெர்குசன் அனுப்பிவிட்டார். அவர்களுக்குப் பதிலாகப் பெரிய விலையில் யாரையும் வாங்கவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த மூன்று நாற்காலிகள் காலியானதால்தான் பெக்கமும் பட்டும் உட்கார்ந்தார்கள். இன்ஸ் இருந்திருந்தால் பட் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பார்? திறமை 1992இலேயே இருந்தது; இடம் கிடைத்தது 1995இல்தான்.

அதோடு, அந்த அணி வளர்த்தவர்களால் மட்டும் ஆனதும் அல்ல. 1993இல் ராய் கீனுக்குக் கொடுத்த 37.5 லட்சம் பவுண்டு அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலை. 1998இல் ஸ்டாமும் யார்க்கும் வந்தார்கள், ஆளுக்கு 1 கோடி பவுண்டுக்கு மேல். 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியின் கடைசி நிமிடங்களை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். பயர்ன் 1-0 முன்னிலை, 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த மூன்று நிமிடங்கள். இடது மூலையில் பெக்கம் பந்தை வைத்து கார்னர் உதைக்கிறார். எதிரணி அரைகுறையாக வெளியே தள்ள, பந்து கிக்ஸிடம் வருகிறது. அவர் உதைத்தது சரியாகப் படவில்லை. வலையை நோக்கி உருண்ட அந்தப் பந்தை ஷெரிங்ஹாம் திருப்பிவிடுகிறார். சற்று நேரத்தில் அதே மூலை, அதே பெக்கம். ஷெரிங்ஹாம் தலையால் தட்டிவிட, சோல்ஷர் காலை நீட்டுகிறார். அனுப்பியவர்கள் வீட்டில் வளர்ந்தவர்கள். முடித்தவர்கள் டாட்டன்ஹாமிலிருந்தும் மோல்டேயிலிருந்தும் வாங்கி வந்தவர்கள். இந்தக் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கால்பந்தில் கிடையாது என்று நினைக்கிறேன்.

பார்சிலோனாவும் அப்படியே. 2009இல் ரோமில் யுனைடெட்டை வீழ்த்தியபோது தொடக்கப் பதினொருவரில் ஏழு பேர் கிளப்பின் அகாடமியான லா மாசியாவில் வளர்ந்தவர்கள்: வால்டேஸ், புயோல், பிக்கே, புஸ்கெட்ஸ், சாவி, இனியெஸ்டா, மெஸ்ஸி. முதல் கோலை அடித்தவர் விலைக்கு வாங்கிய ஏட்டோ. இந்த ஏழு பேரில் பிக்கே 2004இல் மான்செஸ்டருக்குப் போய் 2008இல் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கப்பட்டவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது வேறு ஒன்றை. அதற்கு முந்தைய பருவத்தில் பயிற்சியாளர் குவார்டியோலா அந்தக் கிளப்பின் ‘பி’ அணியை, ஸ்பெயினின் நான்காம் படிநிலையில், நடத்திக்கொண்டிருந்தார். முதல் அணிக்கு வந்ததும் ரொனால்டினோவுக்கும் டெகோவுக்கும் விடை கொடுத்தார். புஸ்கெட்ஸையும் பெட்ரோவையும் கையோடு மேலே கூட்டி வந்தார். வெளியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர், பெயரே தெரியாத புஸ்கெட்ஸை யாயா தூரேயின் இடத்தில் ஆடவிட்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். அந்தப் பையன்கள் சேற்று மைதானங்களில் ஆடியதைப் பார்த்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

2010இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதின் முதல் மூன்று இடங்களும் லா மாசியாவுக்கே போயின. 2012 நவம்பரில் லெவாந்தேவுக்கு எதிராக ஆல்வெஸ் காயம்பட்டு வெளியேற, மோன்டோயா உள்ளே வந்தபோது, களத்தில் இருந்த பதினொருவரும் அகாடமிப் பிள்ளைகள் ஆனார்கள். யாரும் திட்டமிடவில்லை. அதுவே உச்சம், அதற்குப் பிறகு அந்தக் கிளப்பே அந்தப் பாதையை மறந்தது. நெய்மாரை விற்ற 22.2 கோடி கையில் வந்ததும் டெம்பெலே, கூடின்யோ, பிறகு கிரீஸ்மன் என்று ஆளுக்கு 10 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2021இல் கடனும் பாக்கியும் சேர்ந்து 135 கோடி யூரோ என்று தலைவர் லாபோர்தா அறிவித்தார். லா மாசியாவின் மிகப் பெரிய பிள்ளையான மெஸ்ஸியை வைத்துக்கொள்ளவே வழியில்லாமல் போனது. அப்புறம் என்ன நடந்தது? வாங்கக் காசில்லை, ஆகவே பையன்களை இறக்கினார்கள். காவி, பால்டே, 15 வயதில் முதல் ஆட்டம் ஆடிய லாமின் யமால், குபார்சி. அகாடமி இடையில் தூங்கவும் இல்லை, திடீரென்று விழித்துக்கொள்ளவும் இல்லை. முதல் அணியின் கதவு திறந்தது, அவ்வளவுதான், திறந்துவிட்டது வறுமை.

செல்சியின் கதை இன்னும் வெளிப்படையானது. 2014 முதல் 2018 வரை இளையோருக்கான எஃப்ஏ கோப்பையை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்ற அகாடமி அது. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அதைவிடச் சிறந்த அகாடமி இருந்ததாகச் சொல்ல முடியாது. அங்கிருந்து முதல் அணியில் நிலைத்தவர்கள்? கிட்டத்தட்ட யாருமில்லை. ஒரே பருவத்தில் 30 பேருக்கு மேல் பிற கிளப்களுக்கு லோனில் அனுப்பி வைத்தார்கள். கிடங்கில் சரக்கு அடுக்குவது போல. 2019இல் உலகக் கால்பந்துச் சங்கம் செல்சிக்கு ஆட்டக்காரர்களை வாங்கத் தடை விதித்தது. காரணத்தைக் கேளுங்கள்: 18 வயதுக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல். பிள்ளைகளைச் சேர்த்த முறைக்காகத் தண்டிக்கப்பட்ட கிளப், அந்தத் தண்டனையால் வேறு வழியில்லாமல் தன் பிள்ளைகளை ஆடவிட்டது. மேசன் மவுன்ட், ரீஸ் ஜேம்ஸ், டாமி ஏப்ரஹாம், டோமோரி எல்லோரும் ஒரே பருவத்தில் பயிற்சியாளர் லம்பார்டின் கீழ் வந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில், நடுகளத்தைக் கடந்து மவுன்ட் அனுப்பிய ஒரு நீண்ட பாஸை ஹாவெர்ட்ஸ் கோலாக்கினார். எதிரே நின்றது மான்செஸ்டர் சிட்டி. மறுபடியும் அதே கூட்டு: அனுப்பியவர் ஆறு வயதிலிருந்து அந்தக் கிளப்பில் இருந்தவர், முடித்தவர் முந்தைய கோடையில் லெவர்குசனிலிருந்து வாங்கப்பட்டவர்.

மவுன்ட் இப்போது செல்சியில் இல்லை. 2023இல் யுனைடெட்டுக்கு 5.5 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். ஏன் என்பதில் இந்தக் கேள்வியின் இன்றைய நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில் ஓர் ஆட்டக்காரர் எப்படி எழுதப்படுகிறார் என்று பார்க்க வேண்டும். ஒருவரை 10 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், செலவு ஆண்டுக்கு 2 கோடி என்று பிரித்து எழுதப்படும். இரண்டு ஆண்டு கழித்து அவரை 7 கோடிக்கு விற்றால், புத்தகத்தில் அவர் மதிப்பு இன்னும் 6 கோடி. ஆகவே லாபம் 1 கோடி மட்டும். அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை என்று ஒன்றே இல்லை. அவரை 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் அப்படியே லாபம். மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்று பிரீமியர் லீக் விதி வைத்தபோது, நெருக்கடியில் இருந்த கிளப்களுக்கு உடனே கண்ணில் பட்டவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். கிளப்கள் மிதமாகச் செலவு செய்ய வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்த விதி, எட்டு வயதிலிருந்து அந்தச் சட்டையைப் போட்டவனை முதலில் விற்கச் சொன்னது. இதை எழுதியவர்கள் கணக்காளர்கள். மைதானத்துக்குப் போனவர்களாகத் தெரியவில்லை.

கோனர் காலகர் அதற்குச் சாட்சி. எட்டு வயதில் செல்சிக்கு வந்தவர், 2023–24 பருவத்தில் பல ஆட்டங்களில் அணித்தலைவர். அடுத்த ஆகஸ்டில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார். அதே நாட்களில் அங்கிருந்து ஜோவாவ் ஃபெலிக்ஸ் செல்சிக்கு வந்தார். ஃபெலிக்ஸ் பென்ஃபிகாவின் அகாடமிப் பிள்ளை. 2019இல் அந்தக் கிளப் அவரை 12.6 கோடி யூரோவுக்கு விற்றிருந்தது. நியூகாசில் 2024 ஜூன் இறுதியில், கணக்கு முடிக்கும் நாளுக்குச் சற்று முன்னால், தன் ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டுக்கு விற்றது. பணம் படைத்த சிட்டியும் கோல் பால்மரைச் செல்சிக்குக் கொடுத்தது. அங்கே முதல் பருவத்திலேயே லீக்கில் 22 கோல் அடித்தார். ஆக, பெரிய கிளப்கள் இளையோரை வளர்ப்பதில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். நன்றாகவே வளர்க்கிறார்கள். சந்தைக்கு வளர்க்கிறார்கள்.

சரி, வெற்றியை வாங்க முடியுமா? முடியும். பிளாக்பர்ன் ரோவர்ஸ் 1995இல் லீக் பட்டம் வென்றதே உருக்கு வியாபாரி ஜாக் வாக்கரின் பணத்தில்தான். 2003க்குப் பிந்தைய செல்சியும் 2008க்குப் பிந்தைய சிட்டியும் அதன் பெரிய வடிவங்கள். 2023இல் லீக், எஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் அள்ளிய சிட்டியின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டித் தொடக்கப் பதினொருவரில் அகாடமிப் பிள்ளை ஒருவர்கூட இல்லை. டி புருய்னே காயம்பட்ட பிறகுதான் ஃபோடன் உள்ளே வந்தார். நீண்ட லீக் பருவத்தில் எந்தக் கிளப் எந்த இடத்தில் முடிக்கும் என்பதை ஊதியப் பட்டியலைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இது பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு.

ஆனால் பணம் மட்டும் இருந்தால் போதும் என்பதும் பொய். ரியல் மாட்ரிட் ஃபிகோ, சிடான், ரொனால்டோ, பெக்கம் என்று ஆண்டுக்கு ஒரு நட்சத்திரம் வாங்கியது. சிடான்களும் பாவோன்களும் என்பது தலைவர் பெரேஸின் கொள்கை: வாங்கிய நட்சத்திரங்களோடு பாவோன் போன்ற அகாடமிப் பையன்களைக் கலப்பது. கேட்க நன்றாக இருந்தது. நடுவில் உழைப்பதற்கு ஆள் வேண்டும் என்பதை மறந்து மாக்கெலேலேயை 2003இல் அனுப்பிவிட்டார்கள். அடுத்த மூன்று பருவங்கள் பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. அதே கிளப்பில்தான் டானி கார்வஹால் இருந்தார். 2004இல் புதிய பயிற்சி நகரத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் கிளப்பின் பழைய நட்சத்திரமான முதியவர் டி ஸ்டெஃபானோவோடு சேர்ந்து கல் வைத்த சிறுவன் அவர். 2012இல் அவரையும் லெவர்குசனுக்கு விற்றார்கள், ஓராண்டு கழித்துக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கினார்கள். 2024 இறுதிப்போட்டியில் டோர்ட்முண்டுக்கு எதிராக முதல் கோல் கார்வஹாலுடையது; அவருக்கு அது ஆறாவது சாம்பியன்ஸ் லீக். இரண்டாவது கோலை அடித்த வினீசியஸை 16 வயதிலேயே பிளமெங்கோவிடம் 4.5 கோடி யூரோ பேசி முடித்திருந்தார்கள். மாட்ரிட் இப்போது செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை: கனிந்த பிறகு பறிக்காமல், பிஞ்சிலேயே விலை பேசுவது.

விதிவிலக்கு என்று கேட்டால் பில்பாவோவின் அத்லெட்டிக் கிளப். நூறாண்டுக்கு மேலாகப் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ அங்கே பயின்றவர்களையோ மட்டுமே ஆடவைக்கிறது. ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்று கிளப்களில் ஒன்று. அவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை: 2018இல் கோல்கீப்பர் கெபாவை 8 கோடி யூரோவுக்குச் செல்சியிடம் இழந்தார்கள், அதே ஆண்டில் பக்கத்து ஊர் ரியல் சொசியதாதிலிருந்து இனிகோ மார்ட்டினஸை 3.2 கோடி கொடுத்து எடுத்தார்கள். சுற்றியிருக்கும் சின்னக் கிளப்களுக்கு அவர்களும் பெரிய மீன்தான். கடைசி லீக் பட்டம் 1984இல். ஸ்பானிஷ் கோப்பையை அடுத்து வென்றது 40 ஆண்டு கழித்து 2024இல். வளர்த்து மட்டுமே ஆடுவது என்று முடிவெடுத்தால் இதுதான் விலை. அந்த விலையைத் தலைமுறை தலைமுறையாகச் சந்தோஷமாகக் கொடுக்கும் ரசிகர்கள் வேண்டும். பிற பெரிய கிளப்களின் ரசிகர்கள் மூன்று ஆட்டம் தோற்றாலே பயிற்சியாளரை மாற்றச் சொல்கிறவர்கள். அகாடமிப் பாசம் பேசும்போது இதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வளர்ப்பதன் உண்மையான சுமை யார் தலையில் இருக்கிறது என்று பார்த்தால், பெரிய கிளப்களின் கண்ணாடிக் கட்டடங்கள் பின்னால் போய்விடும். 1995 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் நெதர்லாந்தின் அயாக்ஸ் தன் பிள்ளைகளை வைத்து மிலானை வென்றது; 18 வயது குளுய்வெர்ட் கோல் அடித்தார். அதே டிசம்பரில் போஸ்மன் தீர்ப்பு வந்து, ஒப்பந்தம் முடிந்தவர் கட்டணமில்லாமல் போகலாம் என்றாகியது. டேவிட்ஸ், ரைசிகர், குளுய்வெர்ட் மூவரும் அப்படியே போனார்கள். போன இடம், அவர்கள் தோற்கடித்த அதே மிலான். அயாக்ஸ் பிறகு ஒருமுறைகூட அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

இங்கிலாந்தில் 2012இல் வந்த இளையோர் வளர்ப்புத் திட்டம், சிறுவர்களை எடுத்துக்கொள்வதற்கு நிலையான கட்டணப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் 9 முதல் 11 வயது வரை பயிற்றுவித்ததற்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு. பத்து ஆண்டு கண்ணும் கருத்துமாக வளர்த்த பையனைப் பெரிய கிளப் வந்து சில்லறைக்குக் கூட்டிப் போகலாம். பிரென்ட்ஃபோர்டு 2016இல் அகாடமியையே மூடிவிட்டது. மற்றவர் அகாடமிகள் கழித்துவிட்ட இளைஞர்களை வைத்து ‘பி’ அணி ஒன்றை நடத்தி, 2021இல் பிரீமியர் லீகுக்கும் ஏறியது. அந்த வருமானம் வந்த பிறகு 2022இல்தான் அகாடமியை மறுபடி திறந்தது. அந்தக் கணக்கில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலகச் சங்கத்தின் விதி ஒன்று மட்டும் கொஞ்சம் ஆறுதல்: நாடு விட்டு நாடு விற்கப்படும் ஒவ்வொரு முறையும் விலையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். ஒரு புறநகர் மைதானத்துக்குப் புல் போட அது போதும்.

பாரிஸுக்கே திரும்பி வருகிறேன். 2025 மே 31, மியூனிக். மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் போன பிறகு, பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் இன்டர் மிலானை 5-0 என்று நொறுக்கித் தன் முதல் சாம்பியன்ஸ் லீகை வென்றது. நட்சத்திரங்களைக் கைவிட்டு இளையோரை நம்பியதால் வந்த வெற்றி என்று மறுநாள் எல்லோரும் எழுதினார்கள். அடித்தவர்களை வரிசையாகப் பாருங்கள். முதல் கோல் ஹகிமி: ரியல் மாட்ரிட் அகாடமி வளர்த்து, இன்டரிடமிருந்தே வாங்கப்பட்டவர். இரண்டாவதும் மூன்றாவதும் டூவே: 19 வயது, ரென் வளர்த்தது, முந்தைய கோடையில் 5 கோடி யூரோ. நான்காவது குவாரட்ஸ்கேலியா: அதே ஜனவரியில் நாப்போலியிலிருந்து. ஆட்டம் முடிய நான்கைந்து நிமிடம் இருக்கும்போது, சற்று முன்புதான் உள்ளே வந்த சென்னி மயுலு இடது காலால் ஐந்தாவதை அடித்தார். பாரிஸ் புறநகர்ப் பையன், கிளப்பின் அகாடமியில் வளர்ந்தவன், வயது 19. கோமான் கிளப்பை விட்டுப் போனபோது இருந்ததைவிட ஒரு வயதுதான் கூடுதல்.